கீழவீதி குடும்பம்: செல்வம் சித்தப்பா கேட்ட ஐம்பதாயிரம்

செல்வம் சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம். கேபிள் கனெக்‌ஷன் 1,100 இருந்தது, இப்ப 340. அதனால இலவச ஆப் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நம்ம ஊர் தேர், வள்ளி திருமணம் நாடகம், பழைய படம் எல்லாம் போடலாம். பாக்குறவங்க காசு தர வேணாம், விளம்பரத்துல வரும். வீட்டுக்கு 50,000. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.

மல்லிகா அத்தை: இறால் குட்டை மாதிரியா

திவ்யா: 🤣🤣

செல்வம் சித்தப்பா: அதுல வைரஸ் வந்துச்சு. இதுல என்ன வரப்போவுது

கதிர்: பில் வரும் சித்தப்பா. கேபிள்ல 10 வீடு பாத்தாலும் 500 வீடு பாத்தாலும் வயர் செலவு ஒண்ணுதான். நெட்ல ஆளாளுக்குத் தனித்தனியா அனுப்பணும், கூட்டம் கூடக்கூட செலவும் கூடும். சுமாரான தெளிவு, நொடிக்கு 2 மெகாபிட்னு வைங்க. ஒருத்தர் ஒரு மணி நேரம் பாத்தா 0.9 ஜிபி. 10,000 பேர்னா 9,000 ஜிபி. ஜிபிக்கு 2 ரூபாய்னு வச்சாலும் 18,000.

இப்ப வரவு. மணிக்கு 4 இடைவெளி, ஒவ்வொண்ணுலயும் 2 விளம்பரம், ஆக 8 இடம். எட்டுக்கும் விளம்பரம் கிடைக்காது. நூத்துக்கு நாப்பது நிறைஞ்சா தலைக்கு 3.2, மொத்தம் 32,000 தடவை. ஆயிரம் தடவைக்கு 60 ரூபாய்னா 1,920. 60ங்கிறது நானா வச்ச ரேட்டு. 300 ஆக்குங்க, அப்பவும் 9,600தான். செலவு 18,000.

பாலு பெரியப்பா: மேட்டூர் எத்தனை அடி?

ஜோதி அண்ணி: மாமா அது விவசாயி குரூப்புல கேளுங்க

முருகானந்தம் மாமா: அப்ப 2023ல ஐபிஎல்ல சும்மா காட்டுனானே ஜியோசினிமால. அவன் என்ன ஏமாளியா

கதிர்: அஞ்சு வருஷ டிஜிட்டல் உரிமைக்கு 23,758 கோடி கட்டுனவங்க மாமா. சும்மா காட்டிக் கூட்டம் சேத்தாங்க. பாக்க வேண்டிய டேட்டாவை விக்கிறதும் அதே ரிலையன்ஸ்தான். 2025ல ஜியோஹாட்ஸ்டார் ஆனதும் இலவசம் சுருங்கி சந்தா வந்துடுச்சு.

இலவசத்தையே நம்பி ஓடுற ஆப் வேற ரகம். அமெரிக்காவுல ப்ளூட்டோ டிவி, 2019ல வயாகாம் 340 மில்லியன் டாலருக்கு வாங்குச்சு. டூபியை 2020ல ஃபாக்ஸ் 440 மில்லியனுக்கு. பெரும்பாலும் பழைய சரக்குதான். படத்துக்காரனுக்கு முன்பணம் குடுக்காம, விளம்பரத்துல வர்றதுல பங்குன்னு பேசி வாங்குறது நிறைய. பங்கு பிரிக்கவே கோடிக்கணக்குல பாக்குறவங்க வேணும்.

முருகானந்தம் மாமா: டிடி ஃப்ரீ டிஷ்

கதிர்: அது தூர்தர்ஷனோட டிஷ் மாமா. 2004லேருந்து ஓடுது, மாசக் கட்டணம் கிடையாது. தனியார் சேனல் ஏலத்துல காசு கட்டி இடம் புடிக்குது.

செல்வம் சித்தப்பா: எனக்கே பாடமா. சேனலைக் காட்டுறதுக்கு சேனல்காரன் தர்ற கேரேஜ் ஃபீஸ் நாங்களும் வாங்குனவங்கதான்

மல்லிகா அத்தை: வாங்குன காசு எங்க போச்சுன்னு கேக்கல

பாலு பெரியப்பா: மல்லிகா

கதிர்: சித்தப்பா, ஆப்பை விடுங்க, யூடியூப்ல போடுங்க. டேட்டா செலவு அவங்களோடது, விளம்பர வரவுல 55 சதவீதம் உங்களுக்கு. அதுக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாசத்துல 4,000 மணி நேரம் பாத்த கணக்கும் வேணும். 8 நிமிஷத்துக்கு மேல இருந்தாத்தான் நடுவுல விளம்பரம். 100 டாலர் சேர்ந்தாத்தான் பேங்குக்கு வரும். மேல சொன்ன 1,920க்கு உங்க கையில 1,056. கரண்ட் பில்லுக்கு ஆகும்.

திவ்யா: அண்ணன் இன்னும் டைப் பண்ணுது

கதிர்: காசு லோக்கல்லதான் இருக்கு. தேர் லைவுக்கு ஜவுளிக்கடை, நகைக்கடை, உரக்கடைன்னு நாலு பேரைப் புடிங்க. உங்க கேபிள்ல கீழ ஓடுற விளம்பர ஸ்க்ரோலிங்குக்கு ஏற்கெனவே தர்றவங்கதானே. ஆளுக்கு 5,000 தந்தா 20,000. அவ்வளவு தொகை யூடியூப்ல கிடைக்க எத்தனை பேர் பாக்கணும்னு நீங்களே போட்டுப் பாருங்க. ஆடிக்கும் தீபாவளிக்கும் முன்னாடி கேட்டாத்தான் தருவாங்க.

ஜோதி அண்ணி: தேர் அன்னைக்கு போன்ல ஒரு கோடு கூட வராதே

கதிர்: அதான் அண்ணி. கூட்டம் கூடுனா டவர் திணறும், சிம் போட்டு லைவ் விட்டா வட்டம் சுத்திட்டே நிக்கும். நம்மகிட்ட ஃபைபர் இருக்கு. தேர்முட்டிக்கு ஒரு லைன் இழுத்து, அப்லோட் வேகம் நொடிக்கு 6 மெகாபிட் நிலையா வருதான்னு முதல் நாள் ராத்திரியே பாக்கணும். கேமரா, அதோட படத்தை லேப்டாப்புக்கு ஏத்துற கேப்ச்சர் கார்டு, லேப்டாப்ல லைவ் விடுற ஓபிஎஸ் சாஃப்ட்வேர், இவ்வளவுதான் வேணும். புது சேனல்ல லைவ் திறக்க 24 மணி நேரம் வரைக்கும் ஆகும், அன்னைக்குக் காலையில அமுக்குனா கிடைக்காது.

சத்தத்தை தெரு ஹாரன்லேருந்து எடுக்காதீங்க. அதுல சினிமாப் பாட்டு ஓடும், அடுத்தவன் பாட்டைக் கண்டுபிடிக்கிற யூடியூப்போட கன்டென்ட் ஐடி புடிச்சா வரவு பாட்டுக் கம்பெனிக்குப் போயிடும், இல்ல லைவே நின்னுடும். மேளத்துக்குத் தனி மைக்.

செல்வம் சித்தப்பா: பழைய படம்?

கதிர்: படத்துக்கு உரிமை, வெளியான அடுத்த ஜனவரிலேருந்து 60 வருஷம். 1960ல வந்தது 2020 கடைசியோட முடிஞ்சுது. ஆனா பாட்டு தனி. எழுதுனவர், இசையமைச்சவர் இறந்தப்புறம் 60 வருஷம். படம் நம்மளதுன்னு போட்டுட்டுப் பாட்டுல மாட்டுவோம். அதனால படம் வேணாம், நாடகம்தான் சரக்கு. அதுலயும் நடிச்சவங்களுக்கு 50 வருஷம் உரிமை உண்டு. எழுத்துல கையெழுத்து வாங்குங்க, இல்லாதவங்கன்னா வாரிசுகிட்ட. சினிமா மெட்டுல பாடுன இடத்தை வெட்டிடுங்க.

செல்வம் சித்தப்பா: 94லேருந்து எடுத்த நாடக வீடியோ கேசட் 60 இருக்கு

கதிர்: எதையும் நேரா டெக்ல போட்டுடாதீங்க. நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் கட்டியிருக்கும். ஒண்ணைப் போட்டா டேப்பைப் படிக்கிற ஹெட்டு போயிடும், அடுத்து போடுற நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். கேசட்டோட முன்பக்க மூடியைத் தூக்கிப் பாத்து, வெள்ளையா இருக்கிறதைத் தனியா எடுத்து வைங்க. மீதியை முன்னும் பின்னும் ஒரு தடவை சுத்திட்டு ஓட்டுங்க. மூணு மணி நேர கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்த மூணு மணி நேரம் ஆகும், அவசரமே முடியாது.

முருகானந்தம் மாமா: அப்ப 50,000 வேணாமா

கதிர்: கேமரா கல்யாணத்துக்கு எடுக்குற தம்பிகிட்ட வாடகைக்கு. கேப்ச்சர் கார்டும் மைக்கும்தான் வாங்கணும்

செல்வம் சித்தப்பா: வீட்டுக்கு 5,000?

மல்லிகா அத்தை: கேசட் எங்க இருக்கு முதல்ல

செல்வம் சித்தப்பா: பெரிய வீட்டு மாடி ரூம்ல

மல்லிகா அத்தை: சாவி?

ஜோதி அண்ணி: மாமாகிட்ட

பாலு பெரியப்பா: பாகம் பிரிச்சப்ப குடுத்துட்டேன்

மல்லிகா அத்தை: யாருகிட்ட குடுத்தீங்கண்ணே

திவ்யா: 🍿

செல்வம் சித்தப்பா: நாளைக்கு நேர்ல பேசிக்கலாம்

மல்லிகா அத்தை: இல்ல, இங்கயே சொல்லட்டும். அந்த ரூம்ல அம்மாவோட பித்தளை அண்டாவும் இருக்கு

பாலு பெரியப்பா: மேட்டூர் எத்தனை அடின்னு யாரும் சொல்லலையே