ஒன்பது மாத்திரைகளும் அம்மாவின் தடுமாற்றமும்

கேள்வி:
என் தாயாருக்கு 74 வயது. சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவற்றுக்கு மூன்று மருத்துவர்கள் தனித்தனியே எழுதியவற்றைக் கூட்டினால் நாளொன்றுக்கு 9 மாத்திரைகள் ஆகின்றன. சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு, இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், நீர் பிரிய ஃபுரோசமைடு, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், உறக்கத்துக்கு டயஸிபாம் ஆகியன அவற்றுள் அடக்கம். அண்மைக்காலமாக இரவில் எழுந்தால் தடுமாறுகிறார். இருமுறை விழுந்தும் விட்டார். வயதின் தள்ளாமை என்கிறார்கள். மருந்துகள் காரணமாக இருக்கக்கூடுமா?

மறுமொழி 1 (மருந்தாளுநர்):
இருக்கக்கூடும். 65 வயதைக் கடந்தோருக்குப் பொதுவாகத் தவிர்க்கத்தக்க மருந்துகளைத் தொகுக்கும் பியர்ஸ் பட்டியல் 1991இல் முதன்முதலாக வெளிவந்தது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023இல் அதைப் புதுப்பித்தது. டயஸிபாம், கிளிபென்கிளமைடு இரண்டும் அதில் உள்ளன. முதியோர் உடலில் டயஸிபாம் நாள்கணக்கில் தங்கிவிடுவதால், நேற்றைய மாத்திரையின் மயக்கம் தீருமுன்பே இன்றைய மாத்திரை சேர்ந்துகொள்கிறது. கிளிபென்கிளமைடோ சர்க்கரையை நெடுநேரம் தாழ்த்தி வைக்கக்கூடியது. தடுமாறும் வேளையில் குளுக்கோமீட்டரில் அளந்து பார்த்தீர்களா?

மறுமொழி 2 (மருத்துவர்):
ஃபுரோசமைடு எதற்காகத் தொடங்கப்பட்டது என்று அறிய விரும்புகிறேன். அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவதுண்டு. அதைப் புதிய நோய் என்று கருதி நீர் பிரியும் மாத்திரை எழுதினால், இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கும், எழும்போது இரத்த அழுத்தமும் சரியும். அத்துடன் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் சிறுநீரகத்தின் சுமை கூடும். தசையில் உருவாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினின் இரத்த அளவு இயல்பாக உள்ளதே என்று நிம்மதி அடையவும் முடியாது. தசை குறைந்த முதியவர்களிடம் அந்த எண் பலமுறை என்னையே ஏமாற்றியிருக்கிறது.

கேட்டவர்:
அம்லோடிபின் அளவைக் கூட்டிய பிறகுதான் கால் வீங்கியது. அதற்காகவே ஃபுரோசமைடு தந்தார்கள். சர்க்கரையை இரவில் அளந்ததில்லை. டயஸிபாமை இன்றே நிறுத்திவிடலாமா?

மறுமொழி 2 (மருத்துவர்):
வேண்டாம். நெடுநாள் உட்கொண்டதைத் திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை, பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். சீட்டின்றி வாங்கிய சளி மாத்திரை உட்பட எல்லா மருந்துகளையும் ஒரே பையில் இட்டு, ஒரே மருத்துவரிடம் காட்டி, ஒவ்வொன்றும் இன்னும் தேவைதானா என்று கேளுங்கள். சர்க்கரை மட்டும் காத்திருக்காது: இரவில் அளந்து 70க்குக் கீழே இருந்தால் உடனே குளுக்கோஸ் கொடுத்துவிட்டு, அடுத்த வேளை கிளிபென்கிளமைடு கொடுக்குமுன் மருத்துவரிடம் பேசுங்கள்.