லார்ப் ஆடுறவங்க யாராவது இருக்கீங்களா? எக்ஸ்பி கணக்குல ஒரு யோசனை வேணும்

வணக்கம் மக்களே. இங்கிலாந்துல செஷயர் பக்கம் லார்ப் ஆடுற சின்னக் கும்பல் எங்களோடது, 20 பேர் தேறும். (வேஷம் கட்டி, ஃபோம் வாளோட காட்டுக்குள்ள நிஜமாவே ஓடி ஆடுறது. 1982ல பெக்ஃபோர்ட்டன் கோட்டையில 'ட்ரெஷர் ட்ராப்'ங்கிற பழைய லார்ப் தொடங்கினதும் இதே பக்கம்தான்.)

இந்த வருஷம் எக்ஸ்பி கணக்கு (அனுபவப் புள்ளி; அதைக் குடுத்துத்தான் ஆட்டத்துல புதுத் திறமை வாங்குறது) என் தலையில விழுந்துருச்சு. ஒரு ஆட்டத்துக்கு வந்தா ஒரு புள்ளி, அவ்வளவுதான் விதி. நாலு வருஷமா விடாம வர்றவர் 40 புள்ளியோட பெரிய மந்திரவாதி. நைட் ஷிஃப்ட் பாக்குற நர்ஸ் பொண்ணுக்கு 9. போன தடவை அவ வாளை ஓங்குறதுக்குள்ள அவர் ஒரு மந்திரம் சொன்னார். பாவம், பத்து நிமிஷம் ஈரப் புல்லுல படுத்தே கிடந்தா.

நாள் முழுக்க பச்சைச் சாயம் பூசி, பூதமா வந்து அடிவாங்குறவங்களுக்கு என்ன குடுக்குறது? அவங்க இல்லாம ஆட்டமே இல்ல. பாத்திரம் கழுவினவங்களுக்கும் புள்ளி குடுத்தா "இதென்ன கூலியா?"ன்னு முணுமுணுப்பு. நல்லா நடிச்சா கூடுதல் புள்ளின்னா, அது நடுவரோட சிநேகிதங்களுக்குத்தான் போகும்.

நார்டிக் (ஸ்வீடன், நார்வே பக்கத்து) லார்ப்ல பல இடத்துல மாதிரி எக்ஸ்பியையே தூக்கிடலாம்னா பழைய ஆளுங்க சண்டைக்கு வர்றாங்க. உச்சவரம்பு வைக்கிறதா, மேல போகப் போகத் திறமைகளோட விலையை ஏத்துறதா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க. அடுத்த ஆட்டத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு.