சூட்டுக்கடுப்பு என்று மூன்று வாரம் விட்டுவிட்டேன் – உங்களுக்கும் இப்படி நடந்ததா?

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்கிறேன். வயது 34. போன வருடம் அக்னி நட்சத்திரத்தில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். எங்கள் லைனில் மட்டும் ஏழெட்டுப் பெண்களுக்கு இதே தொல்லை இருக்கிறது, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எழுந்து பாத்ரூம் போனால் பக்கத்தில் இருப்பவள் மேல் வேலை குவியும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். காலையில் ஒரு டீ, மதியம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், அவ்வளவுதான். சாயங்காலம் வீடு வரும் வரை அடக்கிக்கொள்வது பழகிவிட்டது.

முதலில் சிறுநீர் போகும்போது எரிச்சல்தான். அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் முட்டும், போனால் நாலு சொட்டு. கலங்கலாக, நாற்றத்தோடு வந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "சூடு ஏறிடுச்சும்மா" என்று கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டார். வெந்தயத் தண்ணீரும் இளநீரும் கொடுத்தார். பாசமாகச் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். எரிச்சல் மட்டும் நிற்கவில்லை.

மெடிக்கல் கடையில் சொல்லி ஆறு மாத்திரை வாங்கினேன். இரண்டே நாளில் சரியானது. மீதியைச் சாப்பிடவில்லை. பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தது, அதே மாத்திரையை வாங்கினேன். இந்த முறை கேட்கவே இல்லை. ஒரு ஞாயிறு ராத்திரி, அந்தப் புழுக்கத்தில் இரண்டு கம்பளி போர்த்தியும் உடம்பு தூக்கிப் போட்டது. வாந்தி. வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே முதுகில் கடுமையான வலி. நாத்தனார்தான் "இது சூடு இல்லை அண்ணி" என்று சொல்லி அப்போதே வண்டி பிடித்து வேலூருக்குக் கூட்டிப் போனார்.

டாக்டரம்மா முதுகில் அந்த இடத்தை லேசாகத் தட்டியதும் கத்திவிட்டேன். சிறுநீர்ப் பையில் இருந்த தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார். சிறுநீரும் ரத்தமும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுத்துக்கொண்ட பிறகுதான் ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். கல், அடைப்பு இருக்கிறதா என்று ஸ்கேனும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற கிருமி என்று வந்தது. கீழே மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நேராக 'எஸ்' அல்லது 'ஆர்'. எஸ் என்றால் அந்தக் கிருமிக்கு மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. நான் இரண்டு முறை வாங்கித் தின்ற மாத்திரைக்கு நேராக ஆர். அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

ஐந்து நாள் பெட்டில் இருந்தேன். அந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இந்தக் கிருமி வெளியிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் நம் குடலில் இருப்பதுதான். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ.தான், மலவாசலும் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் சுலபமாக உள்ளே போய்விடும். அடிக்கடி நீர் போனால் கழுவிக்கொண்டு வந்துவிடும், அடக்கினால் பையிலேயே பெருகும். வெயில் கிருமியை உண்டாக்குவதில்லை, ஆனால் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்ச் சிறுநீர் குறைந்துவிடுகிறது. மாமியார் இளநீர் கொடுத்ததில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

வேலூரிலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்

பதினெட்டு வருடமாகச் சிறுநீர் பாட்டில்களோடு இருப்பவன். தங்கை எழுதியதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: மாத்திரைக்கு முன் சாம்பிள். ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டு வந்தாலே கிருமி வளராமல் போகலாம். போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பல பேர் வீட்டிலேயே மருந்து பாட்டிலில் பிடித்து, ஒடுகத்தூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் வெயிலில் பஸ்ஸில் கொண்டு வருகிறார்கள். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் தாண்டினால் கிருமி பாட்டிலுக்குள்ளேயே பெருகிவிடும். அப்புறம் ரிப்போர்ட்டை நம்ப முடியாது. லேபுக்கு வந்து, நாங்கள் தரும் பாட்டிலில் கொடுப்பதே நல்லது. தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். கூச்சத்தில் பலர் இதைக் கேட்டும் கேட்காததுபோல் போய்விடுகிறார்கள். மூன்று வகைக் கிருமி சேர்ந்து வளர்ந்தால் அது பெரும்பாலும் தோலிலிருந்து கலந்தது, திரும்ப எடுக்கத்தான் சொல்வோம்.

ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் சாதாரண யூரின் ரிப்போர்ட்டில் சீழ் செல் இருப்பது தெரியும். எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்பது தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். வளர்வதற்கே ஒரு நாள் வேண்டும், அவசரப்படுத்த முடியாது.

குடியாத்தம், மகன்

என் அப்பாவுக்கு 74. எரிச்சல் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ராத்திரியில் லுங்கி நனைவதை அவரே விடியற்காலையில் அலசிப் போட்டுவிடுவார். மருமகள் இருக்கும் வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஆறு மாதம் மறைத்திருக்கிறார். காய்ச்சல் வந்து, பேச்சு குழறி, என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்தபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்க் குழாயை நெருக்கியிருந்தது. நீர் போன பிறகும் பையில் 400 மில்லி தங்கியிருப்பதாக ஸ்கேனில் வந்தது. தேங்கிய நீரில்தான் தொற்று. கொஞ்ச நாள் டியூப் போட்டு நீரை வெளியேற்றி, தொற்றுக்கு மருந்து கொடுத்து, பிறகு புராஸ்டேட்டுக்கு மாத்திரை தொடங்கினார்கள். ஆணுக்குத் தொற்று வந்தால் ஏன் வந்தது என்று தேடாமல் விடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்த ஆறு மாதத்தில் ஒரு முறையாவது "ராத்திரி எத்தனை தரம் எழுந்திருக்கிறீர்கள் அப்பா?" என்று நான் கேட்டிருக்கலாம்.

ராணிப்பேட்டை, ஏழாம் மாதம்

எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் எடுத்த கல்ச்சரில் கிருமி வந்தது, மாத்திரை கொடுத்தார்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அவருக்கும் எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல் இதேபோல் ரிப்போர்ட் வந்தது, ஆனால் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குழம்பிப்போய்க் கேட்டேன். தொந்தரவு இல்லாத கிருமிக்குப் பொதுவாக மருந்து தருவதில்லை, கர்ப்பிணிக்கு மட்டும் அது சிறுநீரகத்துக்கு ஏறும் ஆபத்து அதிகம், குறைமாதப் பிரசவமும் ஆகலாம், அதனால் விட மாட்டோம் என்றார்கள். அக்காவுக்கு ஒரு கேள்வி: அந்த எஸ், ஆர் ரிப்போர்ட் இன்னும் வைத்திருக்கிறீர்களா?

ஆம்பூரிலிருந்து மீண்டும்

வைத்திருக்கிறேன் தங்கச்சி, ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே. தை மாதம் லேசாக எரிந்தது. காய்ச்சல் இல்லை, முதுகுவலி இல்லை. மெடிக்கலுக்குப் போகாமல் அந்த ரிப்போர்ட்டோடு நேராக டாக்டரிடம் போய், முதலில் சாம்பிள் கொடுத்தேன். ஃபாஸ்போமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பொடி ஒரு பாக்கெட் கொடுத்தார், 3 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஒரே வேளை. அதோடு சரியானது. லைனில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சூப்பர்வைசரிடம் பேசி, பத்தரைக்கும் மூன்றுக்கும் மாற்றி மாற்றி எழுந்து போகிறோம். தண்ணீர் பாட்டில் இப்போது மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.