தொடக்கநிலை 2 ஒலிப்பதிவு: மின்விசிறி கேட்கிறது, பிள்ளைகள் கேட்கவில்லை

சிராங்கூன் ஆசிரியை:
வணக்கம். சிங்கப்பூர்ப் பள்ளியில் தொடக்கநிலை 2, அதாவது இரண்டாம் வகுப்பு. என் தமிழ் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். ஏப்ரலில் தமிழ்மொழி மாதம் வருவதற்குள் அவர்களை வைத்து ஐந்தைந்து நிமிடமாக நான்கு வலையொலி (பாட்காஸ்ட்) பகுதிகள் தயாரிக்க ஆசைப்பட்டேன். முதல் பதிவைக் கேட்டதும் ஆசை பாதியாகிவிட்டது. கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் எதிரொலி. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு தெளிவாகக் கேட்கிறது. என் பிள்ளைகளின் கதை கேட்கவில்லை. இடைவேளையில் ஓயாமல் பேசும் ஒரு சிறுமி ஐபேடைக் கண்டதும் வாயே திறக்கவில்லை. போதாக்குறைக்கு, ஐபேடில் பதிவான எம்4ஏ வகை ஒலிக்கோப்பைப் பள்ளி மடிக்கணினியில் ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு நிரல் திறக்க மறுக்கிறது. ஒலிவாங்கி வாங்கினால் சரியாகுமா?

ஒலிப்பெட்டி:
ஒலிவாங்கி வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். மேசை நடுவில் ஐபேடை வைத்து, ஐந்தாறு பேரைச் சுற்றி உட்காரவைத்தீர்களா? அப்படியென்றால் கோளாறு அங்கேதான். தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபெல் இறங்கும். அறையின் எதிரொலி அப்படி இறங்காது. குரல் மெலிந்ததும் கருவி தானாகவே ஒலியளவைக் கூட்டும். அப்போது மின்விசிறியும் வாய்ப்பாடும் சேர்ந்தே மேலே வரும்.

ஒரு நேரத்தில் ஒருவர் அல்லது இருவர் பேசட்டும். வாய்க்கும் ஐபேடுக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். நேருக்கு நேர் வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் ‘புலி’, ‘பாட்டி’ என்னும்போது காற்று முட்டி ‘டப்’ என்று கேட்கும். வெறும் சுவரும் கண்ணாடியும் உள்ள வகுப்பறையைவிடப் புத்தக அடுக்குகளும் தரைவிரிப்பும் உள்ள நூலக மூலை மேல்.

எம்4ஏ விஷயம்: விண்டோஸில் ஒடாசிட்டிக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலைத் தனியாக நிறுவ வேண்டும். பள்ளிக் கணினியில் அதற்கு அனுமதி கேட்டுக் காத்திருப்பதற்குள் ஏப்ரல் போய்விடும். ஐபேடிலேயே கராஜ்பேண்ட் என்ற ஒலிப்பதிவுச் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. பதிவையும் வெட்டலையும் அதிலேயே முடித்துவிடுங்கள்.

சிராங்கூன் ஆசிரியை:
மேசை நடுவில்தான் வைத்திருந்தேன், பார்த்ததுபோலச் சொல்கிறீர்கள்! இன்று நூலக மூலையில் இருவர் இருவராகப் பதிவு செய்தேன். மின்விசிறியை நிறுத்தினோம், பத்தாவது நிமிடத்தில் எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டியது. ஆனால் எதிரொலி இல்லை. இப்போது குரல் தெளிவாகக் கேட்பதால் வேறொரு குறை தெரிகிறது: எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். ‘குரங்கும் முதலையும்’ கதை செய்யுள் மனப்பாடம்போல ஒலிக்கிறது. அந்தச் சிறுமி இன்னும் பேசவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தாளைப் பிடுங்கிவிடுங்கள், அம்மா. எழுத்துத் தமிழில் எழுதிய வாக்கியத்தை ஏழெட்டு வயதுப் பிள்ளை கையில் கொடுத்தால் வாசிக்கத்தான் செய்யும், பேசாது. 2005இல் நடந்த பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுத்துவிட்டது. ஒலிப்பதிவு என்றதும் நாம்தான் பழையபடி மேடைத் தமிழுக்குப் போய்விடுகிறோம். தாளுக்குப் பதில் நான்கு படங்கள் கொடுங்கள்: குரங்கு, நாவல் மரம், முதலை, ஆறு. கதை படத்திலிருந்து வரட்டும். நடுவில் “முதலை ஏன் பொய் சொன்னது?” என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் உங்கள் நிகழ்ச்சி.

முதல் நாள் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பதிவு செய்து, போட்டுக் காட்டி, சிரிக்கவிட்டு, அழித்துவிடுங்கள். தன் குரலைக் கேட்டு “இது நான் இல்லை” என்று கத்தாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. நம் குரல் எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்பதால் பதிவில் அது மெலிந்து, அந்நியமாகத் தெரிகிறது. இதைச் சொன்னால் அவர்களுக்கே வேடிக்கையாகிவிடும்.

பேசாத பிள்ளைக்கு என் பழைய வழி: இரண்டு நாற்காலி, மேலே ஒரு போர்வை. உள்ளே அவளும் தோழியும். நீங்கள் வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி உட்காருங்கள். போர்வை எதிரொலியையும் விழுங்கும், கூச்சத்தையும் விழுங்கும்.

பொங்கோல் அம்மா:
என் மகனும் தொடக்கநிலை 2தான். பெற்றோராக ஒன்று: பதிவை யார் கேட்கப்போகிறார்கள் என்பதை அனுமதிக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். வகுப்புக்குள் மட்டும் என்றால் பிள்ளைகள் உள்நுழைந்து பார்க்கும் மாணவர் கற்றல் தளத்தில் போட்டாலே போதும், இணையத்தில் பொதுவாக வைக்க வேண்டாமே. போன வருடம் என் பிள்ளை ஆர்வக்கோளாற்றில் புளோக் (அடுக்குமாடிக் கட்டட) எண், மாடி, வீட்டு எண் மூன்றையும் சொல்லிவிட்டான். யாரும் கவனிக்கவில்லை.

சிராங்கூன் ஆசிரியை:
மூன்று நாள் கழித்து வருகிறேன். போர்வை வேலை செய்தது, ஐயா! அந்தச் சிறுமி நான்கு நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். முதலை பொய் சொன்னதற்குக் காரணம், அதன் மனைவி தினமும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுச் சலித்துப்போனதுதானாம். இதயம் என்ற சொல் வராமல் “உள்ளே துடிப்பது” என்று சமாளித்தாள். திருத்தவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

பொங்கோல் அம்மா சொன்னதைப் படித்தபின் எல்லாவற்றையும் மறுபடி கேட்டேன். ஒரு பையன் தன் புளோக்கையும் மாடியையும் சொல்லியிருந்தான். வெட்டிவிட்டேன். இப்போது அவன், “என் வீட்டை மட்டும் ஏன் எடுத்தீர்கள்?” என்று தினமும் கேட்கிறான்.

ஒலிப்பெட்டி:
அவன் வீட்டுச் சன்னலில் இருந்து என்ன தெரியும் என்று கேட்டுப் பதிவு செய்து, வெட்டிய இடத்தில் ஒட்டிவிடுங்கள். அதற்கு முன் யாரும் பேசாத அறையைப் பத்து விநாடி பதிவு செய்துகொள்ளுங்கள். ஒட்டிய இடத்தில் அதை அடியில் ஓடவிட்டால் வெட்டு தெரியாது.