பழைய மடத்தைத் திருத்த ஆலோசனை தேவை

உறவுகளே, முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு பழைய மடம் இடிந்து கிடக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனிடம் வண்டில் கட்டி வந்த சனம் இராத் தங்கிய இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போருக்குப் பிறகு கூரை இல்லை. சுவரும் திண்ணையும் கேணியும் மாடுகள் உடம்பு உரசுகிற ஆவுரோஞ்சிக் கல்லும்தான் மிச்சம். ஊரார் சேர்ந்து திருத்தப் போகிறோம்.

சுவர்தான் பெரிய கவலை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. சீமெந்து பூசினால் கெதியாக முடியும் என்கிறார் ஒரு மேசன். எனக்கு மனமில்லை. இப்படிப்பட்ட சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுத்தான் காயும். சீமெந்து அதை அடைத்துவிட்டால் உப்புப் பூத்து, பூச்சோடு கல்லும் உதிரும். நீற்றின சுண்ணாம்பு குழைத்துப் பூசத் தெரிந்தவர் வவுனியா, மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் யாராவது இருக்கிறாரா? வயதானவர் என்றாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தால் போதும், வேலையைப் பெடியள் செய்வார்கள். சம்பளமும் உண்டு.

மூலையில் அரச மரம் முளைத்து வேர் சுவருக்குள் போய்விட்டது. இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். வெட்டிவிட்டு வேரைச் சாகடிக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?

கூரைக்குப் பழைய பீலி ஓடு விற்பவர்களைத் தெரிந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், தொல்பொருள் திணைக்களத்தில் அனுமதி எடுத்த அனுபவம் உள்ளவர்கள் எனக்குத் தனியே எழுதுங்கள். சுண்ணாம்பு மெல்லத்தான் இறுகும், ஐப்பசி மழைக்கு முன் பூச்சு முடிய வேண்டும்.