புதுப்பிப்பு: கரையேறியதும் டம்மியைக் கீழே போடும் லாப்ரடார் – சரியாகிவிட்டது

என் லாப்ரடார் நாய் ரோசி நீந்திப் போய் டம்மியை (வேட்டைப் பறவைக்குப் பதிலாகப் பயிற்சியில் வீசும் கான்வாஸ் பொதி) எடுத்துவிடுவாள், ஆனால் கரையேறியதும் உடம்பை உதற அதைக் கீழே போட்டுவிடுவாள் என்று கேட்டிருந்தேன். இங்கிலாந்தில் கன்டாக் ஒர்க்கிங் டெஸ்ட் என்ற வேட்டை நாய்களுக்கான திறன் போட்டியில், நாவிஸ் (அனுபவம் குறைந்த நாய்கள்) பிரிவுக்குப் பெயர் கொடுத்திருந்த நேரம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "தண்ணீர் ஓரத்திலேயே நின்று, உதறும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள்" என்ற யோசனைதான். முதலில் பூட்ஸோடு தண்ணீருக்குள் நின்றே வாங்கினேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் பின்வாங்கினேன். இதில் அவசரம் கூடாது. நாய் துரத்தி வரட்டும் என்று நாம் முதுகைக் காட்டி ஓடும் யோசனை எங்களுக்கு ஒத்துவரவில்லை: ரோசி வேகமாக வந்தாள், டம்மி தண்ணீர் ஓரத்திலேயே கிடந்தது!

போட்டியன்று குளத்துக்கு அக்கரையில் டம்மி. எடுத்துக்கொண்டு கரையேறியவள் ஒரு கணம் நின்றாள். காதிலிருந்து வால்வரை ஒரே உதறல், பச்சை கான்வாஸ் டம்மி மட்டும் வாயில் அப்படியே. நேராக வந்து கையில் கொடுத்தாள். 20க்கு 17.

எதிர்பாராதது வாக்-அப்பில், அதாவது நாய்களும் அவற்றை நடத்துபவர்களும் ஒரே வரிசையாக நடந்துபோகும் சுற்றில் நடந்தது. மற்ற நாய்கள் டம்மி எடுக்க ஓடுவதைப் பார்த்து ரோசி முனக ஆரம்பித்துவிட்டாள். இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் பிரிட்டனின் நாய்கள் அமைப்பான கென்னல் கிளப் விதிப்படி முனகல், குரைப்பு இரண்டுமே வெளியேற்றும் தவறுகள். அந்தச் சுற்றுக்குப் பூஜ்யம், பரிசுக்கு வழியில்லை. தனியாகப் பயிற்சி செய்யும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது.

இனி குழுப் பயிற்சிதான், பெரும்பாலும் சும்மா உட்காரவைத்து. முனகலை நிறுத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.