பயிர்த்தடமா, பயிர்க்குறியா?

அனைவருக்கும் வணக்கம்.

மண்ணுக்கடியில் புதைந்த பழைய கட்டுமானம் மேலே வளரும் பயிரின் வேறுபாட்டால் தெரிவதைத் தொல்லியலில் ‘கிராப் மார்க்’ (crop mark) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகளில் பயிர்க்குறியைவிடப் பயிர்த்தடமே பொருத்தம் என்பேன். குறி என்றால் ஒருவர் வேண்டுமென்றே இட்டது. மாட்டுக்குச் சூடு போடுவதும் குறிதான். இங்கே யாரும் எதையும் இடவில்லை. பிரிட்டனில் மண்ணுக்கடியில் போன ரோமானியக் கோட்டையும் சாலையும் மேலே நிற்கும் கோதுமையில் தாமாகவே தெரிகின்றன.

கோட்டையைச் சுற்றி வெட்டிய அகழி நாளடைவில் தூர்ந்துவிடும். அங்கே மண் ஆழம், ஈரமும் தங்கும். வறண்ட கோடையில் சுற்றிலும் பயிர் வெளுத்த பிறகும் அந்த வரிசை மட்டும் உயரமாக, கரும்பச்சையாக நிற்கும். விமானத்திலிருந்து பார்த்தால் மூலை மழுங்கிய செவ்வகம், சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி. சாலை இதற்கு நேர்மாறு. அடியில் இறுகிய சரளை இருப்பதால் வேர் இறங்காது. பயிர் குட்டையாகி முன்கூட்டியே மஞ்சளாகும். இருபுறமும் வாய்க்கால் வெட்டியிருந்தால், வெளிறிய பட்டைக்கு இரு ஓரமும் பச்சைக் கோடு தெரியும்.

ஆகவே இந்த இரண்டையும் ‘நேர்மறை’, ‘எதிர்மறை’ என்று பிரிக்க வேண்டாம். செழித்த தடம், வாடிய தடம் என்றால் வயலைப் பார்த்தவர் எவருக்கும் புரியும்.

விமானம் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேய வரலாற்றாய்வாளர் வில்லியம் கேம்டன் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ரிச்பரோவில், பழைய தெருக்கள் ஓடிய இடத்தில் பயிர் மெலிந்திருந்ததாம். 2018இன் கடும் வறட்சியில் வேல்ஸில் அதுவரை அறியப்படாத ரோமானியப் படைமுகாம்கள்கூட இப்படித்தான் வெளிவந்தன.

அப்புறம், தடம் என்று வைத்தால் உறவுச் சொற்களும் எளிதாகக் கிடைக்கும். புல் காய்ந்து காட்டுவது புல்தடம், உழுத மண்ணின் நிறம் காட்டுவது மண்தடம், சாய்ந்த வெயிலில் தாழ்ந்த மேடுகள் காட்டுவது நிழல்தடம். புணர்ச்சி விதிப்படி புற்றடம், மட்டடம் என்றுதான் வர வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். படிப்பவருக்குப் புற்றுதான் நினைவுக்கு வரும், புணர்த்தாமலே எழுதுவோம்.

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள ஆக்லிங் டைக் போல இன்றும் கண்ணெதிரே மேடாக நிற்கும் ரோமானியச் சாலைக்கு இந்தச் சொல் ஆகாது. அதற்குச் ‘சாலைமேடு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.